கான்கிரீட்டுக்கு மட்டும் காத்திருந்தவர்

செப்டம்பர் 11, புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காபி போட்டேன். டம்ளரோடு மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். கிழக்கே வெளுத்திருந்தது, தெற்கே மேகம். ஆறரைக்கு அக்காவுக்குப் போன். அந்த நாட்களில் தினமும் அதே நேரத்துக்கு அதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். மாமாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? கால்வாயில் தண்ணீர் எவ்வளவு?

"மெஷின் ஓடுது, அதனால அவரும் ஓடறாரு. தண்ணி கீழதான் இருக்கு," என்றாள் அக்கா. "உங்க சுவரு எப்ப வருதாம்?"

"வரும்க்கா."

"மழை முன்னாடி வருமா, சுவரு முன்னாடி வருமா, அதை மட்டும் சொல்லு."

போனை வைத்தேன். குளித்து, இட்லி சாப்பிட்டு, எட்டரை பஸ்ஸைப் பிடித்தேன்.

அக்காவின் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. வீட்டின் பின்புறத்தை ஒட்டி ராஜகாலுவே ஓடுகிறது. நகரத்தின் மழைநீரை எல்லாம் கொண்டுபோகும் பெரிய கால்வாய் அது. அக்காவின் கணவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. இரவும் பகலும் ஆக்சிஜன் மெஷினோடு இருப்பவர், பத்தடி நடந்தால் உதடு நீலமாகிவிடும். கால்வாயின் இரு கரையிலும் புதிய சுவர் எழும்பி நின்றது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அந்த இடம் அக்கா வீட்டுக்கு நேர் பின்னால், ஒரு லாரி நுழையும் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. அங்கே முன்பு இருந்த பாதிச் சுவரை இடிக்கச் சொன்னவர் எங்கள் மேடம். இடித்த இடத்தில் புதிய சுவரை வைக்கவிடாமல் நிறுத்தியவரும் அவரேதான்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு நல்லதா கெட்டதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நகரத்தின் பொறியியல் அலுவலகம் ஒன்றில் டெண்டர் பிரிவுக் கண்காணிப்பாளர் நான். கிடப்பில் போன வேலைகளை முடிப்பதற்கென்று ஒரு தனிப்பிரிவு தொடங்கி, அதன் தலைவராக அவரை அனுப்பினார்கள். தங்கவயல்காரர். அப்பா அங்கே சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுத்தவர் என்று ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் சொன்னதில்லை. மீட்டிங்கில் கன்னடம், என்னிடம் தமிழ். டிரைவர் முதல் கமிஷனர் வரை எல்லோரும் அவருக்கு 'சார்'தான். நின்றுகொண்டே சாப்பிடுவார். லிஃப்டுக்குக் காத்திருக்க மாட்டார், நாலு மாடியும் படிதான். ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார்.

என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அழைத்திருந்தேன். பத்திரிகையில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டார். மண்டபத்தில் சமையல்காரரைத் தவிர ஈ காக்கை இல்லை. பரிசுப் பொட்டலத்தைச் சமையல்காரர் கையில் கொடுத்து, ஒரு போண்டாவைத் தின்று, "நல்லா நடத்துங்க சார்" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சமையல்காரர்தான் மாப்பிள்ளையின் அப்பா என்று மேடம் நினைத்ததாக என் மனைவி இன்றும் சொல்வாள்.

அக்கா வீட்டுப் பின்சுவரின் கதையைச் சொன்னால் அவர் எதற்கு வந்தார் என்று புரியும். முதல் டெண்டருக்கு ஒரே ஒருவர் வந்ததால் ரத்து. இரண்டாவதில் தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு வந்தபோது மதிப்பீட்டில் இருந்த விலைகள் பழசாகிவிட்டன. திருத்திய மதிப்பீடு ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கி வருவதற்குள் தேர்தல் வந்தது. இடையில் யாரோ கட்டிய பாதிச் சுவர் செடி முளைத்து நின்றது. ஒவ்வொரு மழைக்கும் அக்கா வீட்டில் முழங்கால் தண்ணீர்.

முன்பெல்லாம் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு டெண்டர். மேடம் எல்லாக் கால்வாய்களுக்கும் சேர்த்து ஒரே டெண்டர் போடவைத்தார். விலை முதலிலேயே முடிவு. தகுதியுள்ள ஒப்பந்தக்காரர்கள் சிலரைத் தேர்ந்து வைத்தாயிற்று. வேலை எங்கே வேண்டுமோ, வரிசையில் அடுத்தவருக்கு உத்தரவு போகும். சுவரையும் அந்தந்த இடத்திலேயே கட்டுவதில்லை. ஊருக்கு வெளியே ஒரு யார்டில் ஆளுயரத்தைத் தாண்டிய கான்கிரீட் பேனல்களாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் நிறுத்துவது. டெண்டர் வரைவு நான் எழுதியதுதான், சட்டப்படி ஒரு குறையும் கிடையாது. இருந்தும் முதல் உத்தரவு போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேகமாக நடந்த எந்த வேலையும் விசாரணையில் முடியாமல் போனதை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் ஒரே மேஜை. ஒரு வேலைக்குக் கையெழுத்துப் போடவேண்டிய அத்தனை பேரும் அதைச் சுற்றி உட்காரவேண்டும், ஃபைல் நடுவில். டீ ஃபிளாஸ்க் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும். கையெழுத்து விழுந்த பிறகுதான் அதன் மூடி திறக்கும்.

முதல் செவ்வாயன்று நிதிப்பிரிவு அதிகாரி எழுந்தார். "ஃபைலை என் செக்‌ஷனுக்கு அனுப்புங்க மேடம், பார்த்துட்டு அனுப்பறேன்."

"நீங்க இப்ப எங்க உக்காந்திருக்கீங்க சார்?"

"இங்கதான்."

"ஃபைலும் இங்கதான் உக்காந்திருக்கு. ரெண்டு பேரும் பார்த்துக்கங்க."

இன்னொருவர், "அது ப்ராசஸ்ல இருக்கு மேடம்" என்றார்.

"ப்ராசஸ் யாரு சார்? எந்த டேபிள்? அவரையும் கூப்பிடுங்க, டீ இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "யாரு தடுக்கறாங்க?" பதிலுக்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் சொல்லாதவரை விடமாட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு அதிகாரி செவ்வாய்க்கிழமைகளில் பல்வலி என்று லீவு போட்டார். மேடம் அவருடைய பல் டாக்டரின் கிளினிக்குக்கே ஃபைலை அனுப்பிவைத்தார்.

அப்படி ஒரு செவ்வாயன்றுதான் அக்கா வீட்டுப் பின்சுவரும் மேஜைக்கு வந்தது. பழைய பாதிச் சுவரை இடிக்க ஒரு உத்தரவு, புதிய பேனல் நிறுத்த ஒரு உத்தரவு. இரண்டும் ஒரே அமர்வில் கையெழுத்தாகி, ஒன்றாகவே போயின. ஒரு மேஜையில் எல்லாவற்றையும் முடித்துப் பழகியவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. பழைய முறையில் இரண்டாவது ஃபைல் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும், இடிப்பவனும் காத்திருந்திருப்பான். இங்கே இடிப்பவன் வாரத்துக்குள் வந்து இடித்துவிட்டான். பேனல்தான் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள ஒருமுறை அவரோடு யார்டுக்குப் போனேன். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தைத் தாண்டி உள்ளே போகவேண்டும். அங்கே அவர் வேறு ஆள். பேனல் வரிசைக்கு நடுவே மெதுவாக நடந்தார். வார்த்த தேதியை ஒவ்வொன்றிலும் சரிபார்த்தார். பேனல் வார்க்கும்போது அதே கலவையில் சின்னக் கட்டிகளும் வார்த்துவைப்பார்கள். இருபத்தெட்டாம் நாள் அந்தக் கட்டியை மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரத்துக்கு உடைகிறது என்பதுதான் பேனலின் பலம். அக்கா வீட்டுக்கென்று வார்த்த மூன்று பேனல்களின் கட்டியை அன்று மெஷினில் வைத்தார்கள். முள் ஏறிக்கொண்டே போனது. போகவேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே 'டப்' என்று ஒரு சத்தம். கட்டி உடைந்துவிட்டது.

மேடம் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் கேட்டு வாங்கினார். மூன்று பேனல்களிலும் குறுக்கே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார்.

"மறுபடி வார்த்துடுங்க," என்றார் ஒப்பந்தக்காரரிடம்.

"மேடம், மழை வந்துடும். எல்லாத்துலயும் அவசரம்னு சொல்றது நீங்கதானே?"

"பேப்பருக்குத்தான் அவசரம் சார். இதுக்கு வயசாகணும். பொறந்த குழந்தையை மூட்டை தூக்கச் சொல்லுவீங்களா?"

திரும்பும் வழியில் ஜீப்பில் நான் கேட்டேன். அதுவரை அவரிடம் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. "மேடம், அந்த ஓப்பன் இடத்துக்குப் பின்னாடி இருக்கறது எங்க அக்கா வீடு. மாமாவுக்கு ஆக்சிஜன் மெஷின். எழுந்து ஓட முடியாது. இருக்கற பேனலை இந்த மழைக்கு மட்டும் வெச்சு..."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சுவரு இல்லன்னா தண்ணி உள்ள வரும் சார். கொஞ்சம் கொஞ்சமா வரும், அவரைத் தூக்கிட்டு வெளிய வரலாம். அந்தச் சுவரு வெள்ளத்துல சாய்ஞ்சா வீட்டு மேலதான் சாயும். அப்ப தூக்க நேரம் கிடைக்காது. உங்க அக்கா வீடுன்னு இல்ல, யாரு வீடா இருந்தாலும் வெக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறு அவராகவே அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா காபி கொடுத்தாள். கொடுத்த கையோடு, "அரைச் சுவரு இருந்தப்போ முழங்கால் தண்ணிங்க. நீங்க வந்து அந்த அரையையும் எடுத்துட்டீங்க. ரொம்ப ஸ்பீடுன்னு என் தம்பி சொன்னான்" என்றாள்.

"அது என் தப்புதான்மா," என்றார் மேடம். "பேனல் சரியா வந்துடும்னு நம்பி இடிக்கச் சொல்லிட்டேன்."

அக்கா இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. இன்னொரு காபி போட எழுந்து போய்விட்டாள். மாமா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு புன்னகைத்து, நாற்காலியைக் காட்டினார். மேடம் உட்காரவில்லை. வீட்டைச் சுற்றி வந்து, திறந்த இடத்தில் மணல்மூட்டை அடுக்க ஆள் அனுப்பினார். அன்றிலிருந்து வானத்தைப் பார்ப்பதே என் வேலையாயிற்று.

இனி அந்தப் புதன்கிழமை.

மூன்றரைக்கு வெளிச்சம் குறைந்தது. நான்கு மணிக்கு எங்கள் ஜன்னலில் எதிர்க்கட்டடம் தெரியவில்லை. நாலே முக்காலுக்கு அக்கா பேசினாள். "டேய், மூட்டைங்க நகருதுடா." குரலில் கிண்டல் இல்லை. என் முகத்தைப் பார்த்தே மேடம் எழுந்துவிட்டார். குடையை எடுக்கவில்லை.

ஜீப் தெருவுக்கு அரை மைல் முன்பே நின்றுவிட்டது. முன்னால் வண்டிகள், வண்டிகளுக்கு நடுவே பழுப்புத் தண்ணீர். இறங்கி நடந்தோம். அவருக்கு நடை இல்லை, ஓட்டம்தான். நான் பின்னால் ஓடினேன். என் வாயில் சாமி பெயர் வரவில்லை, "கரண்ட் இருக்கணும், கரண்ட் இருக்கணும்" என்பதுதான் வந்தது.

தெருவில் கரண்ட் இல்லை. அக்கா வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பின்பக்கத் திறப்பு வழியாகக் கால்வாய் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. மாமாவைக் கட்டிலின் மேல் போட்ட நாற்காலியில் உட்காரவைத்து, சின்ன சிலிண்டரை மடியில் வைத்திருந்தார்கள். அதன் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அக்கா என்னைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்புலன்ஸ்?"

"சொல்லியாச்சு. சர்க்கிள் டிராஃபிக்ல நிக்குதாம்."

மேடம் வாசலுக்குப் போய்த் தெருவை மேலும் கீழும் பார்த்தார். மேட்டுப்பக்கத்தில் ஒரே ஒரு வெளிச்சம். தெருப் பிள்ளையார் பந்தல். சதுர்த்திக்கு வைத்தது, ஞாயிறு கரைப்பு. ஜெனரேட்டரில் கலர் சீரியல் லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. மேடை இடுப்புயரம்.

"அங்க," என்றார்.

பந்தல் இளைஞர்கள் நாலு பேர் ஓடிவந்தார்கள். நாற்காலியோடு மாமாவைத் தோளுக்குத் தூக்கினார்கள். மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு மேடம் நடந்தார், பிடித்துக்கொள்ள நான். பாதி வழியில் ஒரு குழியில் என் கால் இறங்கியது. மெஷின் சாய்ந்தது. அந்தக் கணம் நான் அலறிய அலறலுக்கு எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சாய்ந்த பக்கம் தானும் சாய்ந்து அதை நிமிர்த்திவிட்டார்.

"மேடம், செருப்பு! சாமி மேடை!" என்றான் தாடி வைத்த ஒருவன்.

"தண்ணியே கழட்டிக்கிட்டுப் போயிடுச்சுப்பா."

மெஷினைச் செருகினார்கள். ஜெனரேட்டர் இருமி, தாழ்ந்து, நிற்கப்போனது.

"லோடு தாங்கலை மச்சா! சீரியலை ஆஃப் பண்ணு!"

"பிள்ளையாருக்கு இருட்டாயிடும்டா..."

"யானைக்கு இருட்டு புதுசா? ஆஃப் பண்ணுடா மகனே!"

எல்லா விளக்கும் அணைந்தது. இருட்டில் ஜெனரேட்டர் மறுபடி சத்தம் பிடித்தது. மெஷினின் பச்சைப் புள்ளி எரிந்தது. மாமாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை அக்கா கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் தெருக்காரர் ஒருவர் வீடியோ எடுக்கப் போனை உயர்த்தி மேடத்தின் முகத்தில் வெளிச்சம் அடித்தார். கன்னடத்தில் கத்தினார். "பாருங்க, இவங்க ஆபீஸ்தான் சுவரை இடிச்சது! யார் பொறுப்பு?"

என்ஜினியர், ஒப்பந்தக்காரர், வானிலை என்று சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. மேடம் தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னார், பதவியைச் சொன்னார். "இடிக்க உத்தரவு போட்டது நான். புது பேனலை வெக்க வேண்டாம்னு சொன்னதும் நான்," என்றார்.

"ஏன் மேடம்?" என்றேன், வீடியோ எடுத்தவர் போனதும். "நீங்களே மாட்டிக்கிட்டீங்களே."

"எல்லாரையும் பேர் கேட்டேன் இல்ல சார்? இன்னிக்கு என் பேரைக் கேட்டாங்க."

சொல்லிவிட்டு மேடை ஓரத்தில் நின்றார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. மழை நிற்கவேண்டும், அவ்வளவுதான். விரல்கள் புடவை முந்தானையை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தன. கால்வாய்ப் பக்கமிருந்து ஏதோ சரியும் சத்தம் வந்தபோதெல்லாம் அவர் தோள் குலுங்கியது. அவரும் என்னைப் போலவே பயந்திருக்கிறார் என்பதை அன்றுதான் பார்த்தேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஏழரைக்கு மழை ஓய்ந்தது. நிறுத்தியிருந்த சுவர்கள் எல்லாம் நின்றிருந்தன. அக்கா வீட்டின் பின்சமையலறை மட்டும் போயிருந்தது. மாமாவை எதிர்வீட்டு மாடிக்கு மாற்றினோம். அந்த வீடியோ அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது. மேடத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்து உத்தரவு அன்றே போனில் வந்தது. கூடவே இன்னொரு வரி. திறந்திருக்கும் இடத்தை நாளைக்குள் மூடவேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த மாடியிலேயே லாரிச் சத்தத்தில் விழித்தேன். தெருமுனையில் லாரி, அதன் பின்னால் கிரேன். சேற்றை வாரிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டுக் கை தட்டினார்கள். மாடியிலிருந்து அக்கா சொன்னாள், "டேய், சுவரு வந்துடுச்சுடா! கழுதை, ஒருநாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

இறங்கிப் போனேன். லாரியில் மூன்று பேனல்கள். வெள்ளைச் சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தார்கள், இன்னும் காயவில்லை. விரலால் தேய்த்தேன். அடியில் சிவப்பு.

மேடத்துக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மேடம், ரிஜெக்ட் ஆன பேனல் வந்திருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னை நேத்தே எடுத்துட்டாங்க சார். நான் சொன்னா டிரைவர்கூட கேக்க மாட்டார். நம்ம ஆபீஸ்ல இருந்து அங்க யாரு இருக்காங்க?"

"யாருமில்ல மேடம். நான் மட்டும்தான்."

"அப்ப ஆள் இருக்காரே," என்றார்.

கிரேன் கொக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரில் கை தட்டிக்கொண்டிருந்தவர்களின் முகங்கள். நான் போய் லாரிக்கு முன்னால் நின்று, எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாருங்க நீங்க?" என்று கேட்டார். என் பெயரையும் பதவியையும் சொன்னேன். சத்தம் வெளியே வரவில்லை. மறுபடியும் சொன்னேன்.